மாறி வரும் மாணவரின் கிரெடிட்டுகளுக்கு யார் பொறுப்பு? என்.சி.ஏ.ஏ.வுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கத் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ.வின் தலைவர் திரு. சார்லி பேக்கர் அவர்களுக்கும், பெரிய பல்கலைக்கழகங்கள் போட்டியிடும் முதல் பிரிவின் விதிகளை வகுக்கும் குழுக்களின் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

ஒரு கல்லூரியிலிருந்து இன்னொரு கல்லூரிக்கு மாறும் விளையாட்டு மாணவர் உடனே களமிறங்கலாமா என்ற நெடுநாள் கேள்விக்கு 2024 ஏப்ரலில் நீங்கள் ஒரு விடை சொன்னீர்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம், படிப்பில் தகுதி இருந்தால் போதும் என்பது அந்த விடை. அதன் முதல் பாதியைப் பற்றிப் பயிற்சியாளர்களும் தொலைக்காட்சி வருணனையாளர்களும் அன்று தொடங்கிய புலம்பலை இன்னும் நிறுத்தவில்லை. இரண்டாம் பாதியைப் பற்றி அநேகமாக யாரும் பேசுவதில்லை. படிப்பில் தகுதி என்ற அந்த நிபந்தனையின் சுமை முழுவதும் இன்று மாணவரின் தலையில் இருக்கிறது. அதில் பெரும்பங்கு அவரை அழைத்துச் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிக்குப் போக வேண்டும் என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் வட கரோலினாவில் மாணவர்களுக்குப் பாட ஆலோசகராகப் பணிபுரிகிறேன். வேறு கல்லூரியிலிருந்து வருபவர்களின் மதிப்பெண் பட்டியலை எங்கள் பட்டத் திட்டத்தோடு ஒப்பிட்டு, எது சேரும், எது சேராது என்று சொல்வது என் வேலையின் ஒரு பகுதி. இதன் ஆங்கிலப் படி உங்கள் இண்டியானாபொலிஸ் அலுவலகத்துக்குத் தனியே வருகிறது. தமிழில் வெளியிடுவதற்குக் காரணம், இங்குள்ள தமிழ்க் குடும்பங்களிலிருந்தும் சென்னை, மதுரை, கோவை போன்ற ஊர்களிலிருந்தும் டென்னிஸ் உதவித்தொகையை நம்பிப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரும் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பழைய விதிக்குத் திரும்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அமெரிக்கக் கால்பந்து, பேஸ்பால், ஆடவர் கூடைப்பந்து, மகளிர் கூடைப்பந்து, ஆடவர் ஐஸ் ஹாக்கி ஆகிய ஐந்து விளையாட்டுகளிலும் மாறிச் சென்றவரைப் பல ஆண்டுகளாக ஓராண்டு முழுவதும் ஆடவிடாமல் உட்கார வைத்தீர்கள். புதிய இடத்தில் படிப்பில் ஊன்றிக்கொள்ள அவகாசம் தேவை என்று அதற்குக் காரணம் சொன்னீர்கள். அந்தக் காரணம் மெய்யாக இருந்திருந்தால் டென்னிஸ் ஆடுபவருக்கும் நீச்சல் வீராங்கனைக்கும் அதே அவகாசம் தேவைப்பட்டிருக்கும். அவர்களுக்கோ ஒருமுறை தடையின்றி மாறும் சலுகை இருந்தது. 2018 அக்டோபரில், மாற விரும்புவோரின் பெயர்களைப் பதியும் இணையப் பட்டியலான டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வரும்வரை, எந்தக் கல்லூரியோடு பேசலாம் என்பதற்கே பழைய கல்லூரியின் அனுமதி தேவைப்பட்டது. 2021 ஏப்ரலில் அந்த ஒருமுறைச் சலுகையை ஐந்து விளையாட்டுகளுக்கும் விரித்தீர்கள். ஆனால் இரண்டாம் முறை மாறுபவர் விலக்குக் கேட்டு உங்கள் வாசலில் காத்திருக்கும் நிலை நீடித்தது.

அந்த விலக்கு முறை எப்படி நடந்தது என்பதற்கு டெவான்டெஸ் வாக்கர் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரர் ஒருவரின் கதையே போதும். அவர் வட கரோலினா சென்ட்ரல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது பெருந்தொற்றால் 2020 கால்பந்துப் பருவமே அங்கு ரத்தாகிவிட, ஓர் ஆட்டம்கூட ஆடாமல் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனார்; பிறகு குடும்பத்துக்கு அருகில் இருக்க வேண்டி வட கரோலினா பல்கலைக்கழகத்துக்கு வந்தார். ஆடவே ஆடாத முதல் கல்லூரியையும் கணக்கில் சேர்த்து, இது இரண்டாம் மாறுதல் என்று சொல்லி விலக்கை மறுத்தீர்கள். 2023 அக்டோபர் 5 அன்று, பருவத்தின் முதல் நான்கு ஆட்டங்கள் கழிந்த பின், மனம் மாறி அனுமதித்தீர்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஒஹாயோ தலைமையில் ஏழு மாநிலங்கள் வழக்குத் தொடர்ந்ததும், மேற்கு வர்ஜீனியாவின் கூட்டாட்சி நீதிபதி ஜான் பிரெஸ்டன் பெய்லி டிசம்பர் 13 அன்று விதியை நிறுத்தி வைத்ததும், கூட்டாட்சி அரசின் நீதி அமைச்சகமும் மாநிலங்களோடு சேர்ந்துகொண்டதும், 2024 மே மாத இறுதியில் நீங்கள் சமரசத்துக்கு ஒப்புக்கொண்டதும் ஊரறிந்தவை.

ஆகவே, பிள்ளைகள் இப்படி ஊர் ஊராக அலைவதைத் தடுக்க மீண்டும் ஒரு பூட்டுப் போட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நீதிமன்றம் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது. நீதிமன்றத்தை விட்டுவிட்டாலும் அந்தக் கோரிக்கை நியாயமானதன்று. 2025 நவம்பர் இறுதியில் ஓலே மிஸ் என்று அழைக்கப்படும் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி 11 வெற்றிகளோடு பிளேஆஃப் சுற்றுக்குக் காத்திருந்த வேளையில் அதன் தலைமைப் பயிற்சியாளர் லேன் கிஃபின் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அவரை யாரும் ஓராண்டு உட்கார வைக்கவில்லை. 19 வயது மாணவரிடம் மட்டும் விசுவாசத்தை எதிர்பார்ப்பதற்கு எந்தப் பயிற்சியாளருக்கும் தார்மிக உரிமை இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

இனி என் மேசைக்கு வரும் கணக்குக்கு வருகிறேன். மாறி வருபவர் உடனே ஆட வேண்டுமானால், பழைய கல்லூரியை விட்டபோது படிப்பிலும் ஒழுங்கிலும் குறையில்லாதவராக இருந்திருக்க வேண்டும். அத்துடன் புதிய கல்லூரியில் பட்டத்தை நோக்கிய முன்னேற்றத்துக்கான உங்கள் அளவுகோலையும் எட்ட வேண்டும். அந்த அளவுகோல் 2003 முதல் நாங்கள் மனப்பாடமாகச் சொல்லும் 40, 60, 80 என்பது. மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது பட்டத்துக்குரிய கிரெடிட்டுகளில், அதாவது ஒவ்வொரு பாடத்துக்கும் கிடைக்கும் அலகுகளில், 40 விழுக்காடு, நான்காம் ஆண்டில் 60, ஐந்தாம் ஆண்டில் 80 முடிந்திருக்க வேண்டும். 120 கிரெடிட் பட்டமென்றால் அவை முறையே 48, 72, 96.

இரண்டு ஆண்டுகளில் 58 கிரெடிட் முடித்த ஒரு மாணவரை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கல்லூரியில் அவர் 48-ஐத் தாண்டிப் பத்துக் கிரெடிட் முன்னே நிற்கிறார். எந்த ஆலோசகரும் அவரைப் பற்றிக் கவலைப்பட மாட்டார். அவர் மாறுகிறார். புதிய கல்லூரியின் பதிவாளர் அலுவலகம் 58-இல் 55-ஐ ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் அனுப்புகிறது, வீட்டில் எல்லாரும் மகிழ்கிறார்கள். பிறகு துறையின் பட்டத் தணிக்கைத் தாள் வருகிறது. பழைய இடத்தில் அவர் படித்த இரண்டாம் ஆண்டுப் புள்ளியியல் பாடம் அதில் எண்கூட இல்லாத பொது விருப்பப் பாடமாகப் பதிந்திருக்கிறது. ஆய்வகத்தோடு நான்கு கிரெடிட்டாக இருந்த வேதியியல், ஆய்வகம் தனி, வகுப்பு தனி என்று பிரிந்து மூன்றாகச் சுருங்கியிருக்கிறது. விருப்பப் பாடங்களுக்கு அந்தப் பட்டத்தில் ஒன்பது கிரெடிட்டுக்குமேல் இடமில்லை. கூட்டிப் பார்த்தால் அவர் தேர்ந்தெடுத்த பட்டத்துக்குச் சேர்வது 41. உங்கள் விதி பார்ப்பது இந்த 41-ஐத்தான். ஏற்றுக்கொண்ட 55-ஐ அது பொருட்படுத்துவதில்லை. ஒரு தேர்விலும் தோற்காத மாணவர், பட்டத்தில் 34 விழுக்காடுதான் முடித்திருக்கிறார் என்ற காரணத்தால் தகுதியற்றவர் ஆகிறார்.

அப்போது அவருக்கு இரண்டு வழிகள் காட்டப்படுகின்றன. ஒன்று, கோடைக்கால வகுப்புகளில் ஏழு கிரெடிட் சேர்த்துக்கொள்வது. ஆனால் தேவையான பாடம் கோடையில் நடந்தால்தான் அது பலிக்கும், மேல்நிலைப் பாடங்கள் பெரும்பாலும் நடப்பதில்லை. இன்னொன்று, முதன்மைப் பாடத்தை மாற்றிக்கொள்வது. எதையும் எங்கேயும் பொருத்திக்கொள்ளக்கூடிய பொதுக் கல்வி, பல்துறைக் கல்வி போன்ற பட்டங்கள் பல கல்லூரிகளில் உண்டு. அவற்றை விரும்பிப் படிப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பொறியியலோ உயிரியலோ படிக்க வந்தவர், செப்டம்பர் முதல் வார ஆட்டத்துக்காக ஆகஸ்டில் ஒரே பிற்பகலில் தன் பட்டத்தை மாற்றிக் கையெழுத்திடுவதைப் பார்க்கும்போது, படிப்பைக் காக்க வந்த விதியே படிப்பைக் கெடுக்கிறது என்று சொல்லாமலிருக்க முடியவில்லை. மூன்றாம் ஆண்டின் தொடக்கத்துக்குள் பட்டத்தை அறிவித்தாக வேண்டும் என்பதும் உங்கள் விதிதான் என்பதால் தள்ளிப்போடவும் வழியில்லை.

கிரெடிட் தொலைவது விளையாட்டு மாணவர்களுக்கு மட்டும் நேர்வதன்று. அமெரிக்க அரசின் கணக்குத் தணிக்கை அலுவலகம் 2017-இல் வெளியிட்ட அறிக்கை, 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய மாணவர்கள் சராசரியாகத் தங்கள் கிரெடிட்டுகளில் 43 விழுக்காட்டை இழந்ததாக மதிப்பிட்டது. இழந்த சாதாரண மாணவர் ஒரு செமஸ்டர் கூடுதலாகப் படித்துச் சமாளிக்கலாம். விளையாட்டு மாணவருக்கோ ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு பருவம் என்ற கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. போதாததற்கு, பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் தங்கள் பெயரில் பட்டம் தருவதற்குக் குறைந்தது கால் பங்கு கிரெடிட்டையாவது தங்களிடமே படிக்கச் சொல்கின்றன. பாதியைக் கேட்கும் இடங்களும் உண்டு. மூன்று கல்லூரிகளில் ஆடியவர் மூன்றிலும் தேர்ச்சி பெற்றும் எதிலும் பட்டம் பெறாமல் நிற்க முடிவது இதனால்தான்.

ஆட்டக்காரரை மட்டும் ஏற்று அவர் படித்ததை வாசலில் நிறுத்துவது, விருந்தாளியைப் பந்தியில் உட்கார வைத்துவிட்டு இலை போடாததற்குச் சமம். எனவே என் முதன்மைக் கோரிக்கை இது: மாறி வரும் மாணவர் உதவித்தொகை ஒப்பந்தத்திலோ, கல்லூரி தன் விளையாட்டு வருமானத்தில் வீரருக்குப் பங்கு தரும் வருவாய்ப் பகிர்வு ஒப்பந்தத்திலோ கையெழுத்திடுவதற்கு முன், அவருடைய கிரெடிட்டுகளில் எவை எந்தப் பட்டத்துக்குச் சேரும், எத்தனை விழுக்காடு முடிந்ததாகக் கொள்ளப்படும், பட்டம் பெற இன்னும் எத்தனை செமஸ்டர் தேவை என்பவற்றைப் புதிய கல்லூரி எழுத்தில் கொடுக்க வேண்டும். அதில் பதிவாளரும் துறைத் தலைவரும் கையெழுத்திட வேண்டும். விளையாட்டுத் துறையின் கையெழுத்து போதாது, ஏனெனில் பயிற்சியாளர் வாய்மொழியாகச் சொல்லும் உறுதியைத் துறை நிறைவேற்ற வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. நானே பல மாணவர்களிடம் அதைச் சொல்ல நேர்ந்திருக்கிறது. அப்படித் தந்த கணக்கு பின்னர் பிழையானால், தகுதி இழப்பு மாணவருக்கு வரக்கூடாது. அவர் ஆடட்டும், கல்வி முன்னேற்ற விகிதம் என்று நீங்கள் அணிகளுக்கு இடும் மதிப்பெண்ணில் புள்ளி அந்தக் கல்லூரிக்குக் குறையட்டும்.

பாடங்களை ஏற்பதும் மறுப்பதும் பேராசிரியர்களின் உரிமை, விளையாட்டுச் சங்கம் அதில் தலையிட முடியாது என்று உங்கள் சட்ட ஆலோசகர்கள் சொல்லக்கூடும். சரியான கருத்து. பல்கலைக்கழகத்தில் வேலை செய்பவன் என்ற முறையில் நானே அந்த உரிமைக்காக வாதாடுவேன். ஆனால் நான் கேட்பது இன்ன பாடத்தை ஏற்றுக்கொள் என்ற கட்டளை அல்ல. ஏற்பீர்களா மாட்டீர்களா என்பதைக் கையெழுத்துக்கு முன் சொல்லுங்கள் என்ற ஒழுங்கு மட்டுமே. மாறி வருபவருக்கு உதவித்தொகை கொடுக்கும் கல்லூரி, அவர் பட்டம் பெறும்வரையோ தகுதிக் காலம் முடியும்வரையோ அதைத் தொடர வேண்டும் என்று 2022-இல் நீங்களே முடிவெடுத்தீர்கள். பணத்துக்கு இட முடிந்த கடமையைத் தகவலுக்கு இட முடியாது என்பது பொருந்தவில்லை. ஒரு மாணவருக்கு முழுமையான மதிப்பீடு செய்ய எங்களைப் போன்ற ஓர் அலுவலகத்துக்குச் சில நாள் உழைப்பு போதும். 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதலளித்த வழக்குத் தீர்வின்படி, 2025-26 கல்வியாண்டில் ஒரு கல்லூரி தன் வீரர்களுக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை நேரடியாகப் பகிர்ந்தளிக்கலாம் என்று ஆனது. அத்தனை பணத்துக்கு ஒப்பந்தம் எழுத ஆள் வைத்திருக்கும் நிறுவனங்கள், ஒரு தணிக்கைத் தாள் தயாரிக்க ஆளில்லை என்று சொன்னால் நான் நம்பமாட்டேன்.

அடுத்தது, கணக்கில் வராமல் போகிறவர்களைப் பற்றியது. 2024-இல் முதல் பிரிவின் பட்டமளிப்பு வெற்றி விகிதம் 91 விழுக்காடு என்று அறிவித்தீர்கள். மாறிச் சென்றவரையெல்லாம் பட்டம் பெறாதவர் பட்டியலில் எழுதிவிடும் அரசுக் கணக்கைவிட உங்கள் கணக்கு நியாயமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் ஓர் ஓட்டை இருக்கிறது. படிப்பில் தகுதியோடு விலகியவரைப் பழைய கல்லூரியின் பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறீர்கள். அவர் வேறெங்காவது சேர்ந்தாரா என்று அந்தக் கல்லூரி பதில் சொல்ல வேண்டியதில்லை. சேர்ந்தால் புதிய கல்லூரியின் கணக்கில் வருவார். போர்ட்டலில் பெயரைப் பதிந்து, எந்தக் கல்லூரியும் அழைக்காமல், படிப்பையும் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர் எந்தக் கல்லூரியின் கணக்கிலும் வருவதில்லை. போர்ட்டலில் பெயர் ஏறிய செமஸ்டரின் முடிவிலேயே உதவித்தொகையை நிறுத்தப் பழைய கல்லூரிக்கு உங்கள் விதி இடம் தருவதால், இப்படி நடுவில் விழுபவர்கள் இருக்கவே செய்வார்கள். அவர்களுக்கென்று தனிப் பத்தி ஒன்றை ஒதுக்கி ஆண்டுதோறும் வெளியிடுங்கள். 91 என்ற எண் கொஞ்சம் இறங்கினாலும் பரவாயில்லை.

இந்த நடுவில் விழுதல் வெளிநாட்டு மாணவருக்கு இன்னும் கடுமையானது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் முழுநேர மாணவராக ஒரு கல்லூரியில் பதிவாகியிருந்தால்தான் நாட்டில் தங்க முடியும். மாறும்போது, அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவேடான செவிஸில் உள்ள அவருடைய பதிவு பழைய கல்லூரியிலிருந்து புதியதற்கு மாற்றப்பட்டு, சேர்க்கைச் சான்றான புதிய ஐ-20 படிவம் வாங்கப்பட்டு, ஐந்து மாதத்துக்குள் வகுப்பு தொடங்கியாக வேண்டும். இடம் கிடைக்காமல் முறைப்படி படிப்பிலிருந்து விலகினால், வெளியேற 15 நாள் அவகாசம். போர்ட்டலில் பெயர் கொடுக்கும் முன் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைப் பார்க்கச் சொல்லி உங்கள் விதி எதுவும் கட்டாயப்படுத்துவதில்லை என்பதை இங்கு குறிப்பிட வேண்டும். மகனையோ மகளையோ அனுப்பியிருக்கும் பெற்றோர்களே, இதை நீங்களாகவே செய்யச் சொல்லுங்கள். பெயர் ஏறிய பிறகு போவதில் பயன் குறைவு.

மாறுவது நல்லதாக முடிவதும் உண்டு என்பதற்கு நம்மவர் ஒருவரே சாட்சி. மதுரையைச் சேர்ந்த தட்சிணேஸ்வர் சுரேஷ், என்.ஏ.ஐ.ஏ. என்ற வேறொரு சங்கத்தில் உள்ள ஜார்ஜியா குவினெட் கல்லூரியில் ஆடிவிட்டு, என் மாநிலத்திலேயே இருக்கும் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 2025 செப்டம்பரில் சுவிட்சர்லாந்துக்கு எதிராக பீல் நகரில் நடந்த டேவிஸ் கோப்பைப் போட்டியில், தன் முதல் ஆட்டத்திலேயே ஜெரோம் கிம்மை நேர் செட்களில் வென்றார். சிறிய கல்லூரியில் தொடங்கிப் பெரிய களத்துக்கு ஏறுவதற்கு இந்த வழி திறந்திருப்பது எவ்வளவு அவசியம் என்பதை இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல இயலாது. வழியைக் குறுக்காதீர்கள் என்று நான் மறுபடியும் சொல்வது இதனால்தான்.

கடைசியாக, தேதிகள். அமெரிக்கக் கால்பந்தில் வசந்தகால மாறுதல் காலத்தை எடுத்துவிட்டு, 2026-இல் ஜனவரி 2 முதல் 16 வரை என்று, போர்ட்டலில் பெயர் பதிவதற்கான ஒரே சாளரமாக்கினீர்கள். ஏப்ரலில் அணிகள் மீண்டும் கலைவதைத் தடுக்கும் நோக்கம் புரிகிறது. ஆனால் பல பல்கலைக்கழகங்களில் அடுத்த செமஸ்டர் ஜனவரி இரண்டாம் வாரத்தில் தொடங்கிவிடுகிறது. அதிலிருந்து ஏறக்குறைய ஒரு வாரத்தில் பாடம் சேர்க்கும் கெடு முடிகிறது. புதிய கல்லூரியில் அந்த செமஸ்டரிலேயே சேர நினைப்பவர் ஏறக்குறைய இரண்டே வாரத்தில் பெயர் கொடுத்து, கல்லூரியைத் தேர்ந்து, மதிப்பெண் பட்டியலை வரவழைத்து, பாடத்தில் பதிய வேண்டும். விடுமுறை முடிந்து திறந்த எங்கள் அலுவலகங்கள் மூச்சு முட்டும் காலமும் அதுவே. கணக்குப் பார்க்காமல் கையெழுத்துப் போடும்படி ஒரு மாணவரைத் தள்ள வேண்டுமென்று யாராவது திட்டமிட்டிருந்தால்கூட இதைவிடப் பொருத்தமான தேதிகளைத் தேடிப் பிடித்திருக்க முடியாது. போட்டி அட்டவணையை மாற்றுவது உங்களுக்குக் கடினமென்றால், சாளரம் திறப்பதற்கு முன்பே, டிசம்பரில், போர்ட்டலில் பெயர் கொடுக்காமலே மூன்று கல்லூரிகள்வரை தன் மதிப்பெண் பட்டியலை அனுப்பி மேலே சொன்ன எழுத்து மதிப்பீட்டைக் கேட்டுப் பெறும் உரிமையை மாணவருக்குக் கொடுங்கள். அந்தத் தொடர்பு பதிவாளர் அலுவலகங்களுக்கிடையே நடப்பதால், பயிற்சியாளர்கள் முன்கூட்டியே ஆள் பிடிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கும் இடமிருக்காது.

அடுத்த சாளரத்துக்கான தேதிகளை நீங்கள் முடிவு செய்வதற்கு முன், இந்த எழுத்து மதிப்பீட்டு விதியை முன்மொழிவாக உறுப்பினர் கல்லூரிகளுக்கு அனுப்பி, விளையாட்டு இயக்குநர்களிடம் கேட்பது போலவே பதிவாளர்களிடமும் பாட ஆலோசகர்களிடமும் கருத்துக் கேட்க வேண்டும் என்று வேண்டுகிறேன். மதிப்பீட்டுப் படிவத்தின் மாதிரி ஒன்றை ஆங்கிலப் படியோடு இணைத்திருக்கிறேன், இரண்டு பக்கம்தான்.

இங்ஙனம்,
பாட ஆலோசகர் ஒருவர்
வட கரோலினா